மேசை மேல் ஒரு சிரிஞ்ச்

போதை மாத்திரை வழக்கில் பிடிபட்ட இளைஞர்களின் படம் நாளிதழில் அடிக்கடி வருகிறது. பின்னால் நாலு பையன்கள், முன்னால் ஒரு மேசை. அதன்மேல் டேபென்டடால் அட்டைகள், செல்போன்கள், கூடவே அடுக்கி வைத்த சிரிஞ்சுகள். மாத்திரையைப் பறித்ததில் எனக்குப் புகார் இல்லை. வலி நிவாரணியைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றினால் ஆள் செத்துப்போகலாம். விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் உறை பிரிக்காத புது சிரிஞ்ச் அந்த மேசையில் ஏன் இருக்கிறது? அதைப் பார்க்கிற பையன் போதையை விடப்போவதில்லை. சொந்தமாக ஊசி வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மட்டும் புரிந்துகொள்வான். அப்புறம் நாலு பேருக்கு ஒரு ஊசி.

ஊசி ஏற்றுகிறவர், நரம்பு கிடைத்ததா என்று பார்க்க முதலில் கொஞ்சம் ரத்தத்தை உள்ளே இழுப்பார். அந்த ரத்தத்தின் மிச்சம் குழாயிலேயே தங்கும். அடுத்தவர் அதே ஊசியைக் குத்தும்போது எச்.ஐ.வி. நேராக ரத்தத்துக்குள் போகிறது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி இன்னும் சுலபமாகத் தொற்றும். கரைக்கிற மூடியையும் வடிகட்டும் பஞ்சையும் பகிர்ந்தாலே போதும்.

இந்தக் கதை வேறு ஊரில் நடந்து முடிந்த ஒன்று. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹெராயின் மலிந்தது. போலீஸ் கெடுபிடியில் ஊசிகள் பறிபோயின, கடைகளில் விற்பனையும் நின்றது. ஒரே ஊசி பல கைகள் மாறியது. அங்கே ஒரு புறநகர் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் ஊசி ஏற்றிக்கொண்ட 164 பேரின் ரத்தத்தைச் சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குத் தொற்று. பக்கத்து நகரமான கிளாஸ்கோவில் ஹெராயின் குறைவாக இருக்கவில்லை, ஆனால் தொற்று மிகக் குறைவு. இதே காலத்தில், 1984இலேயே, ஆம்ஸ்டர்டாமில் போதைப் பழக்கமுள்ளவர்களே சங்கம் வைத்துப் பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கணக்கும் சும்மா இல்லை. 2021 கண்காணிப்பில் ஊசிவழி போதை ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. சுமார் 9 சதவீதம். பெண் பாலியல் தொழிலாளர்களிடையே 2 சதவீதத்துக்கும் கீழே. வயதுவந்தோர் எல்லோரையும் சேர்த்தால் 0.2 சதவீதம்தான்.

"ஊசியையும் நீங்களே குடுத்துட்டு, போதையை ஒழிக்கிறோம்னா எப்படி சார்?" நல்ல மனிதர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். ஆனால் ஊசி மாற்றுத் திட்டத்தால் பழக்கம் கூடியது என்பதற்கு இத்தனை வருட ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. ஊசிக்காக வருகிறவரிடம்தான் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச முடியும். நாக்குக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாற்று சிகிச்சைக்கும் அவரை அனுப்ப முடியும். ஒளிந்திருக்கிறவரிடம் என்ன பேசுவது?

சட்டமும் இதைச் சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 22ஆம் பிரிவு. பதிவுபெற்ற ஊசி மாற்றுத் திட்டத்தில் புது ஊசி கொடுப்பவரும் பழையதைக் கொடுத்து வாங்குபவரும் குற்றவாளிகள் அல்லர் என்று உதாரணத்தோடு எழுதியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமோ உட்கொள்வதையே தண்டிக்கிறது. இரண்டில் எது காவல் நிலையத்தில் மனப்பாடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்குக் கூச்சம் புதிதல்ல, அதைத் தாண்டியதும் புதிதல்ல. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டிக் கேட்ட மாநிலம் இது. ஆணுறை கொடுத்தால் ஊர் கெட்டுவிடும் என்று அப்போதும் புலம்பினார்கள். புள்ளிராஜாவைப் பற்றி அவ்வளவு சத்தமாகப் பேசியவர்கள், ஊசி என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம்.

இதற்கிடையில் அந்த நாலு பையன்களில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகும். ஊசியைத் தொட்டே பார்த்திராத பெண். மணிப்பூரில் 1990களில் இப்படித்தான் தொற்று ஊசியிலிருந்து வீட்டுக்குள் வந்தது. மனைவிகளுக்குப் போனது, பிள்ளைகளுக்கும் போனது. ஆணுறை பற்றி அவனிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அதற்கு ஆள் கிடையாது. கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது அந்தப் பெண்ணின் ரத்தத்தை எடுப்பார்கள். அந்த வீட்டுக்கு விஷயம் தெரிவது அன்றைக்குத்தான்.