மன்றமில்லாத மாநகராட்சியும் மாண்டெஸ்கியூவின் எச்சரிக்கையும்

பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிவடைந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் கழிந்தபோதும் ரிச்சர்ட்ஸ் டவுன் மக்களுக்கோ நகரின் வேறெந்தப் பகுதி மக்களுக்கோ தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோதும் அதிகாரிகளே பொறுப்பேற்றனர்.

இது வெறும் தேர்தல் தாமதம் அன்று. மன்றம் முடிவெடுக்க வேண்டும். ஆணையர் அதைச் செயல்படுத்த வேண்டும். செலவிட்டதற்கு மன்றத்தில் கணக்குக் கூற வேண்டும். இதுவே மாநகராட்சியின் அமைப்பு. ஆனால் இந்த ஆண்டுகளில் ஆணையர் தயாரித்த வரவு செலவுத் திட்டத்துக்கு நிர்வாகி ஒப்புதல் அளித்தார். இருவருமே மாநில அரசு நியமித்த அதிகாரிகள். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே தரப்பினர் ஆயினர்.

இத்தகைய நிலையைப் பற்றித்தான் பிரெஞ்சுத் தத்துவவாதி மாண்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட ‘சட்டங்களின் ஆன்மா’ நூலில் எச்சரித்தார். சட்டமியற்றும் அதிகாரமும் நிர்வாக அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் இராது. நீதி வழங்கும் அதிகாரமும் அவற்றுடன் சேர்ந்தால் அது கொடுங்கோன்மை என்பது அவரது வாதம்.

ரிச்சர்ட்ஸ் டவுன் அடங்கிய பழைய கன்டோன்மென்ட் பகுதிக்கு இது ஏட்டுப் பாடம் அன்று. 1881-இல் மைசூர் மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, இப்பகுதியை ஆங்கிலேயர் தம்வசமே வைத்துக்கொண்டனர். ஆட்சித் தலைவர் பிரிட்டிஷ் ரெசிடென்ட். உயர் நீதிமன்ற அதிகாரமும் அவரிடமே இருந்தது. சட்டங்கள் அறிவிக்கை மூலம் வந்தன. பெரும் எண்ணிக்கையில் இங்கு வாழ்ந்த தமிழ் உழைப்பாளி மக்களுக்கு, அச்சட்டங்களை விவாதிக்கத் தாம் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் இருக்கவில்லை. 1947 வரை இதுவே நிலை.

அதிகாரப் பிரிவினை முதலாளித்துவக் கோட்பாடுதானே, அதற்காக உழைக்கும் வர்க்கம் ஏன் வாதாட வேண்டும் என்ற கேள்வி எழலாம். மாண்டெஸ்கியூ பிரபுக் குலத்தவர். சொந்த விருப்பமற்றவராகக் கருதப்படும் அளவுக்குத் தாழ்ந்த நிலையில் உள்ளோருக்கு வாக்குரிமை தேவையில்லை என்று எழுதியவர். மன்னரும் பிரபுக்களும் முதலாளி வர்க்கமும் ஆதிக்கத்துக்குப் போட்டியிடும் காலத்தின் கருத்தே என்றென்றைக்குமான நியதிபோல் முன்வைக்கப்பட்டது என்று மார்க்சும் எங்கெல்சும் சுட்டிக்காட்டினர். 1871-இன் பாரிஸ் கம்யூன் சட்டமியற்றுவதையும் செயல்படுத்துவதையும் ஒன்றாக்கியதை மார்க்ஸ் வரவேற்றார்.

ஆனால் கம்யூனில் அதிகாரம் யாரிடம் குவிந்தது? மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கப்படக் கூடியவர்களிடம், தொழிலாளியின் ஊதியமே பெற்றவர்களிடம். பெங்களூருவிலோ மக்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாத, நீக்கவும் முடியாத அதிகாரியிடம் குவிந்தது. முன்னது மக்களாட்சியின் விரிவு. பின்னது ரெசிடென்ட் ஆட்சியின் எச்சம்.

74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதைத் தடுக்கவே வந்தது. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243யூ பிரிவு. ஆயினும் வார்டுகள் 198-லிருந்து 243 ஆயின. பின்னர் 225 ஆயின. தேர்தல் மட்டும் வரவில்லை. தேர்தல் நடத்துமாறு 2020 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவை அம்மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பாஜக ஆட்சி போய்க் காங்கிரஸ் ஆட்சி வந்தும் நிர்வாகி ஆட்சி தொடர்ந்தது. புதிய சட்டமோ பெருநகர ஆணையத்தின் தலைவர் பொறுப்பை முதலமைச்சருக்கே அளித்தது.

கவுன்சிலர் இல்லாததால் செல்வந்தருக்கு இழப்பில்லை. அமைச்சரின் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கும். தூய்மைப் பணியாளருக்கும் தெருவோர வியாபாரிக்கும் குடிசைவாசிக்கும்தான் முறையிட இருந்த ஒரே வாசல் அடைபட்டது. மன்றத்தை மீட்பதோடு, முதலமைச்சரின் நிழலிலிருந்து அதை விடுவிப்பதும் இடதுசாரி இயக்கத்தின் கடமை. நிதியையும் அலுவலர்களையும் மன்றத்துக்குப் பொறுப்பாக்காத தேர்தல் பாதி வெற்றியே. அரசியல் சட்டம் தந்த குறைந்தபட்ச உரிமையைக் காக்காமல், அதைக் கடந்த மக்களாட்சியை நோக்கி நடக்க இயலாது.