தற்காலிகம் என்னும் சொல்லும் பலாலி ஓடுபாதையும்

குடிசார் விமான நிலையமொன்றிற்குப் படை விமானங்கள் வந்து சேரும்போதெல்லாம் அரசுகள் முன்வைக்கும் சொல் 'தற்காலிகம்' என்பதாகும். எத்துணைக் காலம் என்பதைச் சுட்டாத தற்காலிகம், நிரந்தரத்தின் மறுபெயரே. பலாலியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியரால் அமைக்கப்பட்ட இவ்வோடுபாதை, போர் ஓய்ந்தபின் மக்கட் பயன்பாட்டிற்கு வந்தது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இவ்வழியாகவே சென்னையை அடைந்தது. எனவே, 'பலாலி பிறப்பிலேயே படைத்தளம்' என்போர் வரலாற்றின் முற்பாதியை மட்டுமே கூறுகின்றனர். போருக்கென எடுத்ததைப் போர் முடிந்ததும் மக்களிடம் மீள அளிக்க இயலும் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

அம்முன்மாதிரி பின்னர்ப் பின்பற்றப்படவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். தளத்தைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களும் கரையோர ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009இல் போர் முடிவுற்றது. வலயமோ முடிவுறவில்லை. மாறாக, 2013இல் ஏறக்குறைய 6,380 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணியுரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் மீனவரிடம் மீண்டது 2017இலேயே. இருபத்தேழு ஆண்டுகளைத் தற்காலிகம் என அழைப்பது சொல்லுக்கே இழைக்கப்படும் அநீதியன்றோ?

'ஒரே ஓடுபாதையை இரு சாராரும் பகிர்ந்தால் செலவு குறையும்' என்பது மற்றொரு வாதம். சிறிய நாடொன்றிற்கு இவ்வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அச்சிக்கனத்தின் விலையை 2001 ஜூலை 24 காட்டிற்று. கட்டுநாயக்காவில் விமானப் படைத்தளத்தின்மீது விடுதலைப் புலிகள் தொடுத்த தாக்குதல், அருகிலிருந்த பயணிகள் விமானங்களையும் எரித்தது. காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது. உல்லாசப் பயணத்துறை வீழ்ந்தது. தாக்கியோரின் பொறுப்பு இதனாற் குறையாது. எனினும், படை இலக்கொன்றின் அருகே பயணிகளை நிறுத்தி வைத்தவர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

2019 அக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. 2020இல் நோய்த்தொற்றினால் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பயணிக்குக் கதவு திறந்தமை காணியுரிமையாளனுக்கு வேலி திறந்தமையாகாது. காணிகளிற் பெரும்பகுதி படிப்படியாக விடுவிக்கப்பட்டபோதிலும், எஞ்சிய பகுதிக்குரியோர் இன்னமும் காத்திருக்கின்றனர். விமான நிலைய விரிவாக்கம் என்னும் புதுக் காரணம் பழைய வேலியைக் காப்பாற்றப் பயன்படுமாயின், வளர்ச்சி என்பதும் ஆக்கிரமிப்பின் புத்தாடையாகவே முடியும்.

வேண்டப்படுவது யாது? படைத் தேவைக்கெனக் குடிசார் நிலையமோ காணியோ எடுக்கப்படுமிடத்து, அதன் முடிவுத் திகதி எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். நீடிப்புத் தேவையெனின் பாராளுமன்றம் காரணங்கேட்டு அனுமதித்தல் வேண்டும். எடுத்த நாள் முதல் உரிமையாளருக்கு வாடகை செலுத்தப்படல் வேண்டும். இம்மூன்றையும் ஏற்க மறுக்கும் அரசு, தற்காலிகம் என்னும் சொல்லைப் பயன்படுத்தும் உரிமையையும் இழந்துவிடுகின்றது.