ஏலமலையில் உழைத்தவர்கள் ‘ஆதரவற்றோர்’ ஆனது எப்படி?

2025 நவம்பரில் கேரள அரசு சமூக நல ஓய்வூதியத்தை 1,600 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால் போடிமெட்டில் மாநில எல்லை வந்துவிடும். எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டின் முதியோர் ஓய்வூதியம் 2011 முதல் 12 ஆண்டுகள் 1,000 ரூபாயிலேயே நின்று, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. இதில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு வெறும் 200 ரூபாய். தொகைகளை ஒப்பிட்டுக் குறைபட்டுக்கொள்வது எளிது. ஆனால், ஒருவர் உதவிக்கு உரியவர் என்று முடிவு செய்வது யார், எந்த அளவுகோலைக் கொண்டு என்பதே தலித் முதியோரின் வாழ்வை அதிகம் தீர்மானிக்கிறது.

போடி நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள தலித் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் விடியும் முன் ஜீப் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதி ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். தாயும் மகளும் பேத்தியுமாகத் தொடரும் வேலை இது. ஏலச் செடியின் காய்க்கொத்து தண்டின் அடியிலிருந்து தரையோடு படர்வது. ஆகவே காய் எடுப்பவர் ஈரமான சரிவில் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். முழங்காலும் இடுப்பும் அறுபது வயது வரை காத்திருப்பதில்லை.

அந்தக் காய் போடிக்கு வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் எடையும் விலையும் பதியப்பட்டு விற்பனையாகிறது. அதை எடுத்த பெண்ணின் உழைப்புக்கோ பெரும்பாலும் எந்தப் பதிவும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்களையே கணக்கில் கொண்டது. ஏலத் தோட்டங்களில் மிகப் பல சிறியவை. அன்றாடக் கூலிக்கு ஆள் அழைப்பவை. இவ்வாறு சேம நிதியும் பணிக்கொடையும் கைநழுவுகின்றன. கேரளம் 1980 முதல் வழங்கிவரும் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியமோ அங்கே வசிப்போருக்கு உரியது. ஆக, உழைப்பு ஒரு மாநிலத்தில், முதுமை மற்றொரு மாநிலத்தில். நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர் அறுபது வயதில் தன் சொந்த அரசின் முன் தொழிலாளியாக அன்றி, ‘ஆதரவற்றவராக’ நிற்க நேர்கிறது.

இந்தச் சொல் தற்செயலானதன்று. 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. ஆனால் ஆதரவற்றோருக்கான கருணை என்ற அடிப்படை அன்றே அதில் பதிந்துவிட்டது. மறுபுறம், 1982-இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் முதலாளியின் கருணைக்கொடை அன்று, ஆற்றிய பணிக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நீதி அரசு ஊழியரோடு நின்றுவிட்டது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கரின் காலத்தில்தான் தொழிலாளர் காப்பீட்டுக்கான அடார்க்கர் அறிக்கை வந்தது. அந்தப் பாதுகாப்பும் ஆலை வாயிலைத் தாண்டி ஏலக்காட்டு மேட்டுக்கு ஏறவில்லை.

கருணை என்று ஆனபின் சோதனை தொடங்குகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர் என்று படிகள் நீள்கின்றன. வளர்ந்த மகன் இருப்பதே மனுவைத் தள்ளப் போதுமான காரணமாகிறது. அந்த மகனும் தினக்கூலி என்பது கணக்கில் ஏறுவதில்லை. பள்ளி வாசலை மிதிக்காதவருக்கு ஆதாரில் யாரோ குறித்த உத்தேச வயதே வயது. அனுமதி கிடைத்தாலும் கைரேகை இயந்திரம் இருக்கிறது: ஆண்டுக்கணக்கில் உடலுழைப்பில் தேய்ந்த விரல்களை அது அடையாளம் காண மறுப்பது அறியாத செய்தியன்று. உழைத்ததற்கு அந்தப் பெண்ணிடம் மிஞ்சிய ஒரே சான்று அந்த விரல்கள்தாம்!

இந்தப் படிகளில் எங்குமே மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணை சமூக நலத்தையும் (26), நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனையும் (27) ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிடுகிறது. கேரளத்தில் விண்ணப்பம் உள்ளாட்சி மன்றத்திடமே செல்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியே பணம் வீட்டுக்கே வருவதும் உண்டு. தமிழ்நாட்டில் அதிகாரம் வருவாய்த் துறையிடமே உள்ளது. தனித்தொகுதியில் வென்ற தலித் ஊராட்சித் தலைவரோ போடி நகராட்சியின் வார்டு உறுப்பினரோ பரிந்துரைக் கடிதம் எழுதலாம். அதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை. தேனி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டபோது அந்தக் கடிதமும் இல்லாமற்போனது.

கேரளத்தைப் பொன்னுலகமாகக் காட்ட வேண்டியதில்லை. 2023 நவம்பரில் ஓய்வூதிய நிலுவைக்காக இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரு மூதாட்டிகள் தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்துப் போராடினார்கள். ஆனாலும் ‘எங்களுக்கு வர வேண்டியது வரவில்லை’ என்று அவர்களால் கேட்க முடிந்தது. இங்கே பெரும்பாலோர் ‘எனக்கும் போட்டுக் கொடுங்கள் ஐயா’ என்று கேட்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சரிவுகளில் வாழும் பழங்குடியினர் நிலை இன்னும் கடினம். கொட்டகுடி ஊராட்சியின் டாப் ஸ்டேஷனிலிருந்து போடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாகனத்தில் வர வேண்டுமானால் கேரளத்தின் மூணாறு வழியாகச் சுற்ற வேண்டும். முதியோரின் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, வரவேற்கத்தக்கது. வாகனம் ஏறாத மலைக்குடிகளுக்கும் அது சென்றால்தான் திட்டத்தின் பெயர் பொருந்தும்.

நகராட்சியும் ஊராட்சியும் விண்ணப்பத்தைப் பெற்று விசாரித்து முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டப்படி பெற வேண்டும். ‘ஆதரவற்றவர்’ என்ற நிபந்தனை நீங்கி, வயதும் உழைப்பும் போதுமான தகுதியாக வேண்டும். எல்லை கடந்து வேலைக்குச் செல்வோருக்கு இரு மாநிலங்களும் கூட்டாக ஒரு நலநிதி அமைக்க வேண்டும். இவை காலம் எடுக்கும் கோரிக்கைகள். இன்றே செய்யக்கூடியதும் உண்டு. போடி வட்டத்தில் ஓராண்டில் தள்ளுபடியான முதியோர் மனுக்கள் எத்தனை, எந்தக் காரணத்தால் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊர்வாரியாகக் கல்லூரி மாணவர்கள் கேட்டுப் பெறலாம். அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபையில் வாசித்து, மறுவிசாரணை கோரும் தீர்மானத்தை முன்மொழியலாம். கூட்டத்தை நடத்துபவர் தனி அலுவலராக இருந்தாலும், தீர்மானம் கொண்டுவரும் உரிமை ஊராருடையது.