பேர் கேட்காத சந்தையும் பேர் கேட்கும் கம்பெனியும்

'ஷேர் மார்க்கெட் சூதாட்டம், நமக்கெதுக்கு அது' என்று சொல்லும் தோழர்கள் உண்டு. 'ஷேர் மார்க்கெட்டெல்லாம் பழசு, விவரமானவன் இப்ப பட்டியலுக்கு வராத கம்பெனியிலதான் பணம் போடுறான்' என்று சொல்கிறவர்களும் நம்மிலேயே கிளம்பியிருக்கிறார்கள். முன்னவர் கட்சி வகுப்பில் கேட்டதைச் சொல்கிறார், பின்னவர் வாட்ஸப்பில் வந்ததைச் சொல்கிறார். இருவரும் பேசுவது வாத்தியாராகவும் ரயில்வே ஊழியராகவும் நர்சாகவும் முதல் தலைமுறைச் சம்பளம் வாங்கி, நாலு காசு மிச்சம் பிடித்திருக்கிற நம் ஆட்களிடம். அதனால் இதைப் பணக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

தனியார் கம்பெனி என்றால் எது? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் மூன்று அடையாளம் சொல்கிறது. பங்கை இஷ்டப்பட்டவருக்கு மாற்றிக் கொடுக்கத் தடை இருக்க வேண்டும். உறுப்பினர்கள் 200 பேருக்கு மேல் போகக் கூடாது (1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 50). பங்கு வாங்க வாருங்கள் என்று பொதுமக்களைக் கூப்பிடக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்த்தெருதான் ஞாபகம் வந்தது. வெளியாளுக்கு மனை விற்காதே, தலைக்கட்டு இத்தனைதான், கூப்பிடாதவன் உள்ளே வராதே. சட்டம் எழுதியவர்கள் சாதியை மனசில் வைத்து எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவை யாருக்குத் திறப்பது என்பதை உள்ளே இருப்பவன் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், இந்த நாட்டில் அவன் யாருக்குத் திறப்பான்? 'தெரிஞ்சவங்க', 'நம்பகமானவங்க', 'நம்மவங்க' என்ற வார்த்தைகளுக்கெல்லாம் இங்கே என்ன அர்த்தம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பொதுச்சந்தை நிலைமை வேறு. பட்டியலுக்கு வந்த கம்பெனி மூன்று மாசத்துக்கொரு தடவை கணக்கைக் காட்டியாக வேண்டும். விலை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நான் வாங்கும் பங்கை விற்றவர் யாரென்று எனக்குத் தெரியாது, வாங்கினவன் எந்தத் தெருக்காரன் என்று அவருக்கும் தெரியாது. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து, காகிதப் பத்திரம் ஒழிந்து, டீமேட் கணக்கு வந்த பிறகு இது இன்னும் சுத்தமாகிவிட்டது. பேர் கேட்காமல் சரக்குக் கொடுக்கும் கடை இந்தியாவில் எத்தனை உண்டு?

பேர் கேட்டால் என்ன ஆகும் என்பது அண்ணல் வாழ்க்கையிலேயே இருக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்து 1917இல் திரும்பியவர், பரோடாவில் தங்க இடம் கொடுக்காமல் துரத்தப்பட்டு பம்பாய்க்கு வந்தார். பங்கு வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள், தொழில் படுத்துவிட்டது. 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை வெளியிட்டவரின் கணக்குத் தப்பாகவா இருந்திருக்கும்? பங்குக்குத் தீட்டில்லை, அதைப் பற்றிச் சொன்ன வாய்க்கு இருந்தது. சந்தையே பேர் கேட்காமல் இருந்தாலும் சந்தைக்குப் போகிற வழியில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிறான்.

நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்பார்கள். திருப்பூருக்கு வருவோம். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் அங்குள்ள பனியன் கம்பெனிகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர்களின் கம்பெனிகளில் முதல் அதிகம். வெளியிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகள் வேகமாக வளர்ந்தன, ஆனால் அவர்களிடம் முதல் குறைவு. நன்றாகத் தொழில் செய்கிறவனிடம் பணம் போய்ச் சேரும் என்ற பாடப்புத்தகக் கதை அங்கே செல்லவில்லை. பணம் சொந்தக்காரனிடம் போனது. இத்தனைக்கும் அந்த 'வெளியாட்களில்' வணிகச் சாதிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், அருந்ததியர் தெருவிலிருந்து தையல் மிஷினுக்கு வந்து, தொழில் கற்று, சொந்தமாக ஒரு யூனிட் போட நினைக்கிறவருக்கு யார் முதல் கொடுப்பார்? சொத்தைக் காட்டு என்பான் வங்கிக்காரன். (நானும் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான். படிவத்தில் ஜாமீன்தாரர் என்ற கட்டம் வரும்போது எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை தினம் பார்க்கிறேன்.) வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப் போனது. காரணையில் அதைக் கேட்ட போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நம் அப்பன் போட வேண்டிய முதல் அங்கே கிடக்கிறது.

இப்போது இதற்கெல்லாம் புதுப் பேர் வந்திருக்கிறது. ஸ்டார்ட்அப் என்கிறார்கள், ஏஞ்சல் என்கிறார்கள். தேவதையாம். மாற்று முதலீட்டு நிதி என்று செபி 2012இல் விதி போட்ட வகையில் சேர, பொதுவாக ஒருவர் 1 கோடி ரூபாயாவது போட வேண்டும். தேவதை எந்தத் தெருவில் இறங்கும் என்று தெரிந்துகொள்ள இது போதும். பட்டியல் சாதியினருக்கென்று 2014-15 பட்ஜெட்டில் அறிவித்து 2015இல் ஒரு துணிகர முதலீட்டு நிதி தொடங்கினார்கள். அரசு ஒதுக்கியது 200 கோடி. 2022 மே மாசம் எல்ஐசியின் மூன்றரை சதப் பங்கை மட்டும் விற்று அரசு எடுத்தது கிட்டத்தட்ட 21,000 கோடி.

இதைச் சொல்வதால் பொதுச்சந்தைக்கு நான் கற்பூரம் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கதவு திறந்திருக்கிறது, ஆனால் பந்தி முடிகிற நேரத்தில்தான் திறக்கிறார்கள். 1981இல் தொடங்கிய இன்போசிஸ் 1993இல் பங்கு 95 ரூபாய்க்குப் பொதுமக்களிடம் வந்தது, வாங்க ஆளில்லாமல் திணறியது. அன்றைக்கு நம் சேரியில் எவருக்கு அது தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தால் 95 ரூபாயில் பங்கு கிடைத்திருக்கும், அவ்வளவாவது உண்மை. 2021 நவம்பரில் பேடிஎம் வந்தது பாருங்கள். 18,300 கோடி திரட்டினார்கள். அதில் 10,000 கோடி, கம்பெனிக்குள் ஏற்கெனவே இருந்த முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. 2,150 ரூபாய்க்கு வாங்கினவர்களுக்கு முதல் நாளே நூற்றுக்கு 27 போயிற்று. வளர்கிற காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, போதும் என்கிறபோது 'பொதுமக்களே வாங்க' என்கிறார்கள்.

கதவு திறந்த வீட்டுக்குள்ளும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்த ஆய்வு, இந்தியாவின் முன்னணி 1,000 கம்பெனிகளின் இயக்குநர்களைச் சாதி வாரியாக எண்ணியது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முன்னேறிய சாதியார். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5 சதம். பட்டியலில் இருக்கும் கம்பெனிகள் என்பதால் இயக்குநர் பேர் ஊரறிய இருந்தது, எண்ண முடிந்தது.

எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவர் ஒருவர், பட்டியலுக்கு வராத ஏதோ ஒரு கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்கிறார்கள் என்று துண்டுக் காகிதத்தோடு வந்தார். திருப்பி விற்கணும்னா யாருகிட்ட விப்பீங்க ஐயா என்றேன். "லிஸ்ட் ஆனதும் வித்துக்கலாமாம் தம்பி." எப்ப லிஸ்ட் ஆகும்? "சீக்கிரம் ஆயிரும்னு சொல்றாங்க." விலையை யார் சொல்றா? "விக்கிறவருதான்." சந்தையில் மாடு வாங்கினால்கூடப் பக்கத்து மாட்டு விலையைக் கேட்டுப் பார்க்கலாம். இங்கே அதுவும் இல்லை. தங்கள் பிடிமானம் எதுவும் இல்லாத இடத்தில் நம் ஆட்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்பது என் கட்சி. நம்மவர் ஒருவர் தொழில் தொடங்குகிறார், கணக்கைத் திறந்து காட்டுகிறார், நமக்கும் ஓட்டு உண்டு என்றால் போடுங்கள், நானும் போடுவேன். பேர் தெரியாத தரகன் கொடுக்கும் காகிதத்துக்குப் போடாதீர்கள்.

'நமக்கெதுக்கு மார்க்கெட்' என்ற தோழருக்கும் ஒன்று சொல்லணும். நாம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறோம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2015 ஆகஸ்டிலிருந்து பங்குச்சந்தை ஈடிஎஃப்களில் பணம் போடுகிறது. புதிதாகச் சேரும் பணத்தில் 5 சதம் என்று தொடங்கி 2017இல் 15 சதம் வரை உயர்த்தினார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி வைத்துக் கொண்டாடுகிறார்களே, அந்த ஒப்பந்தத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கும் 12 சதத்தில் ஒரு துளி நிஃப்டியில் இருக்கும் 50 கம்பெனிகளுக்கும் போகிறது. (பிடித்ததை ஒழுங்காகக் கட்டாத ஒப்பந்தக்காரன் கதை தனி.) அந்தப் பங்குகளுக்கு ஓட்டு உண்டு. இயக்குநரை நியமிக்க, மறுபடி நியமிக்க, சம்பளம் கூட்ட எல்லாவற்றுக்கும் ஓட்டு. அதை ஈடிஎஃப் நடத்தும் பரஸ்பர நிதிக் கம்பெனி போடுகிறது. எப்படிப் போட்டோம் என்று வெளியிட வேண்டிய கட்டாயமும் அதற்கு உண்டு. தனியார் கம்பெனிக்குள் இப்படி எட்டிப் பார்க்க ஒரு ஓட்டைகூட நமக்கில்லை.

வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் தரப்பில் சங்கப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் செங்கொடியும் வேறு கொடியும் பிடிக்கிற பெரிய சங்கங்கள். தொழிலாளி பணத்தில் வாங்கிய பங்கின் ஓட்டை, 3.5 சத இயக்குநர் குழுவை அப்படியே மறுநியமனம் செய்யப் போடுகிறார்களா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கங்கள் பதவி உயர்வுக்கு மனு எழுதும் அதே தட்டச்சு மிஷினில் இதையும் ஒரு பக்கம் அடிக்கலாம். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு வரும். பேசுவதற்கு முன்கூட்டியே பேரைப் பதிய வேண்டும்.