கண்ணாடிக் கோவில்



ஜொகூர் பாரு பஸ் ஏறுகிற நம்மில் பலர் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டுவதற்கே போகிறோம். ஒருமுறை பட்டணத்திலேயே இறங்கி நடந்து பாருங்கள். 1909-இல் கட்டிய பழைய ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. 2010-இல் எதிரே ஜேபி சென்ட்ரல் திறந்ததும் அதற்கு ஓய்வு.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அருள்மிகு ராஜகாளியம்மன் கோவில். 1922-இல் அது சிறு குடில். நம் தோட்டத்துக் கோவில்களைப் போலத்தான். 1996-இல் புதிதாக எழுப்பினார்கள். 2009-இல் சுவர், தூண், கூரை எங்கும் கண்ணாடி, சுமார் 300,000 துண்டுகள்! பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தங்கள் முகத்தையே நூறாகப் பார்த்து மகிழ்வார்கள்.

என்னுடன் வந்த மாணவன் ஒருவன், "சார், நம்ம கோவிலை மட்டும் ஏன் இடிச்சாங்க?" என்று கேட்டான். உடனே பதில் வரவில்லை எனக்கு.

இந்த இடம் ஜொகூர் சுல்தான் இந்தியர்களுக்குக் கொடுத்தது என்கிறார்கள். நாமோ கம்பெனி நிலத்தில் சூலம் நட்டோம். துரை வாய்ச்சொல்லாகச் சரி என்றார், அது போதும் என்றிருந்தோம். தோட்டம் கைமாறியபோது காட்ட ஒரு காகிதம் இல்லை.

அடுத்த திருவிழாக் கூட்டத்தில் பந்தல் கணக்குக்கு முன்னால், கோவில் நிலத்தின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பெண்களும் கேட்கலாம்.