சட்டத்தை எங்கே படிப்பது?

சட்டம் எங்கே இருக்கிறது? வக்கீலைக் கேட்டால் கண்ணாடி அலமாரியைக் காட்டுவார். தடித்த அட்டை போட்ட புத்தகங்கள். ஷரத்துகள், உட்பிரிவுகள், ஹைகோர்ட் தீர்ப்புகள். நாற்று நடுகிற பெண்ணைக் கேட்டால் அவள் அன்று மாலை தன் கையில் விழுந்த கூலியைக் காட்டுவாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

சட்ட ஆராய்ச்சி என்று படித்தவர்கள் செய்கிற வேலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஏட்டு வழி. சட்டத்தின் வாசகத்தை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அந்தத் தீர்ப்போடு இது பொருந்துகிறதா, இதன் அடிப்படைத் தத்துவம் என்ன என்று ஆராய்வது. மற்றது கள வழி. அந்தச் சட்டம் ஆலையிலும் வயலிலும் கோர்ட்டிலும் உண்மையில் என்ன செய்கிறது என்று போய்ப் பார்ப்பது, கேட்பது, எண்ணுவது. இது பண்டிதர்களின் சண்டை, நமக்கென்ன என்று தோழர்கள் நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டாம். நம்முடைய வேலை நேரமும் கூலியும் பலமுறை இந்தச் சண்டையின் நடுவிலேதான் சிக்கிக் கிடந்திருக்கின்றன.

பஞ்சாலைச் சட்டம் பிறந்த இடத்திலிருந்தே பார்ப்போம். 1833-ம் ஆண்டு இங்கிலாந்தில் பாக்டரிச் சட்டம் வந்தது. ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பஞ்சாலையில் வைக்கக்கூடாது என்றது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு நேர வரம்பு கட்டியது. இவையெல்லாம் நடக்கின்றனவா என்று பார்க்க நாடு முழுவதற்கும் நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள்! அவர்களில் ஒருவர் லெனார்டு ஹார்னர். மண்ணியல் படித்தவர், பாறைகளை ஆராய்ந்தவர். நம்மவர் அல்ல. ஆனால் கண்ணால் கண்டதை எழுதத் தயங்காதவர்.

1847-ல் பெண்களுக்கும் இளம் தொழிலாளருக்கும் பத்து மணி நேர வேலை என்று சட்டமாயிற்று. முதலாளிகள் என்ன செய்தார்கள்? காலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டரை வரை பதினைந்து மணி நேரம் ஆலையைத் திறந்து வைத்தார்கள். தொழிலாளியின் பத்து மணி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அந்தப் பதினைந்துக்குள் தூவினார்கள். இங்கே அரை மணி, அங்கே ஒரு மணி. நடுவிலே அவன் வீட்டுக்கும் போக முடியாது, தூங்கவும் முடியாது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று எந்த இன்ஸ்பெக்டராலும் கணக்குப் பார்க்க முடியாது. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1850 பிப்ரவரியில் எக்ஸ்செக்கர் நியாயஸ்தலம் தீர்ப்புச் சொல்லிற்று: முதலாளிகள் செய்வது சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதம்தான், ஆனால் சட்டத்தின் வாசகம் அதைத் தடுக்கவில்லை!

ஏட்டு வழி தனியாக நடந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஜட்ஜுகள் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு சொல்லையும் சரியாகத்தான் படித்தார்கள்.

ஹார்னரும் அவருடைய சகாக்களும் வேறு விதமாகப் படித்தார்கள். தொழிலாளிகளுக்குப் பத்து மணி வேலை பிடிக்கவில்லை, அவர்களுக்கு அதிக நேரம் உழைக்கவே ஆசை என்று முதலாளிகள் பிரசாரம் செய்தபோது, ஹார்னர் லங்காஷயர் ஆலைகளுக்கு நேரில் போய்த் தொழிலாளரை விசாரித்தார். விசாரித்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பத்து மணிதான் வேண்டும் என்றார்கள். பழைய பன்னிரண்டு மணியைக் கேட்டவர்கள் சொற்பம். அதே சமயம் முதலாளிகளிடமும் 'கள ஆதாரம்' இல்லாமல் போகவில்லை. தொழிலாளர் கையெழுத்திட்ட மகஜர்கள் அவர்களிடம் இருந்தன! கையெழுத்திட்டவர்களையே கேட்டபோது, வேலை போய்விடும் என்ற பயத்தில் போட்டோம் என்று சொன்னார்கள். ஆகவே 'கணக்கெடுத்தோம், கேட்டோம்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. கேட்டது யார்? எந்த இடத்தில் வைத்துக் கேட்டார்? மேஸ்திரி பக்கத்தில் நின்றாரா?

இந்த இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளைத்தான் மார்க்ஸ் லண்டன் மியூசியத்து வாசகசாலையில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தார். 'மூலதன'த்தில் வேலை நாளைப் பற்றிய அத்தியாயம் முழுக்க அவை நிறைந்திருக்கின்றன. அதிலே ஒரு கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்கு முன்னால் கால் மணி, மாலை ஆறுக்குப் பின் கால் மணி, காலைச் சாப்பாட்டு நேரத்தில் இரு புறமும் ஐந்தைந்து நிமிஷம், மதியத்தில் இரு புறமும் பத்துப் பத்து. நாளுக்கு அறுபது நிமிஷத் திருட்டு. சனிக்கிழமைக்கு நாற்பது. வாரத்துக்கு 5 மணி 40 நிமிஷம். வருஷத்துக்குக் கூட்டினால் சுமார் 27 வேலை நாள். சட்டப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் இந்த 27 நாள் கிடைக்காது. கையில் கடிகாரத்தோடு ஆலை வாசலில் நின்றவனுக்குத்தான் கிடைக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1905-ல் நியூயார்க் மாகாணத்து ரொட்டித் தொழிலாளருக்குப் பத்து மணி வரம்பு விதித்த சட்டத்தை அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. முதலாளியும் தொழிலாளியும் சுதந்திரமாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையில் சர்க்கார் தலையிடலாகாது என்பது தத்துவம். அடுப்புப் புகையையும் மாவுத் தூசியையும் சுவாசிக்கிறவனுக்கு எப்பேர்ப்பட்ட சுதந்திரம்! மூன்று வருஷம் கழித்து 1908-ல் ஓரிகன் மாகாணத்துப் பெண்களின் வேலை நேரச் சட்டம் அதே கோர்ட்டுக்கு வந்தது. பிராண்டைஸ் என்ற வக்கீலும் ஜோசபின் கோல்டுமார்க் என்ற பெண்மணியும் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட மனுவைத் தயாரித்தார்கள். அதில் சட்ட வாதம் இரண்டொரு பக்கம்தான். மீதியெல்லாம் பல நாட்டு இன்ஸ்பெக்டர்கள், டாக்டர்கள் கண்ட உண்மைகள். சட்டம் பிழைத்தது. 'பெண் பலவீனமானவள்' என்ற பேச்சும் அந்தத் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிற்காலத்தில் பெண்களுக்கு வேலை மறுக்க அது உதவிற்று என்பதையும் மறைக்கக் கூடாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஏட்டைப் படித்தால் அன்றோடு இந்தியாவில் கொத்தடிமை இல்லை. ஹரியானாவில் பரிதாபாத் பக்கத்துக் கல் குவாரிகளில் வெளி மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1982-ல் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிற்று. கடிதத்தையே கோர்ட் மனுவாக எடுத்துக்கொண்டது. இரண்டு வக்கீல்களைக் கமிஷனர்களாக நியமித்துக் குவாரிக்கே போய்ப் பார்த்து வரச் சொன்னது. அப்புறம் பட்வர்தன் என்ற பேராசிரியரை, அங்கே தொழிலாளரின் நிலைமையைச் சட்ட ரீதியிலும் சமூக ரீதியிலும் விசாரிக்கச் சொன்னது. அவர்கள் கண்டது என்ன? கல் தூசி மூச்சை அடைக்கிறது. குடிப்பது அழுக்குத் தண்ணீர். அடிபட்டவனுக்கு நஷ்ட ஈடு கிடையாது. விட்டுப் போக விரும்பினாலும் விடுவதில்லை.

ஹரியானா சர்க்காரின் பதிலைக் கேளுங்கள். இந்த அறிக்கைகள் சாட்சியம் ஆகமாட்டா, ஏனென்றால் குறுக்கு விசாரணை நடக்கவில்லை! சரி, கட்டாய வேலை நடக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், தொழிலாளி முன்பணம் வாங்கினான் என்று நிரூபித்தால்தான் அவன் கொத்தடிமை!

1983 டிசம்பரில் நீதிபதி பகவதி கொடுத்த தீர்ப்பு இரண்டையும் தள்ளிற்று. கைநாட்டு வைக்கிற கூலி, முன்பணத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு நிரூபிப்பான்? புத்தகம் குத்தகைதாரனிடம் அல்லவா இருக்கிறது? ஆகவே கட்டாய வேலை என்று காட்டினால் போதும், முன்பணத்துக்காகத்தான் அது நடக்கிறது என்று கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எஜமானனே என்றார். கவனியுங்கள்: இந்த அனுமானம் குவாரியில் தோண்டி எடுத்ததல்ல. சட்டத்தின் நோக்கத்தையும் வாசகத்தையும் ஆழமாகப் படித்ததிலிருந்து வந்தது. அதற்கு முந்திய வருஷம் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய வேலைதான், பசியும் ஒரு சாட்டைதான் என்ற கருத்தை இதே நீதிபதி நிலைநாட்டியிருந்தார். அதுவும் தத்துவ வேலை.

அதனால்தான், ஏட்டு வழி முழுக்க முதலாளி வழி, கள வழி முழுக்க நம் வழி என்று கோடு கிழிப்பவர்களோடு நாம் உடன்படவில்லை. எண்ணுவதற்கு முன்னால் எதை எண்ணுவது என்று தெரிய வேண்டும். கொத்தடிமை என்றால் காலில் சங்கிலி என்று நினைத்துக்கொண்டு கணக்கெடுக்கிற தாசில்தார், தம் தாலுகாவில் ஒருவரும் இல்லை என்றுதான் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை; சங்கிலியைத் தேடினார், காணவில்லை. 1978-79-ல் காந்தி சமாதான நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிலையமும் கடனையும் கட்டாயத்தையும் தேடின. பத்து மாகாணங்களில் 26 லட்சம் பேர் என்று மதிப்பிட்டன. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று.

தஞ்சாவூர்க் கதையை விவசாயத் தோழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1956-ன் நியாயக் குத்தகைச் சட்டப்படி நஞ்சையில் நிலச்சொந்தக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதம். ஏட்டில் பார்த்தால் அருமை. 1960-களில் வுல்ப் லடெஜின்ஸ்கி என்ற அமெரிக்கர் திட்டக் கமிஷனுக்காகத் தஞ்சை கிராமங்களைச் சுற்றினார். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. கம்யூனிஸத்தைத் தடுக்கவே நிலச் சீர்திருத்தம் வேண்டும் என்று வாதிட்டவர். அவரே என்ன கண்டார்? குத்தகையெல்லாம் வாய்ப் பேச்சு. ரிகார்டில் குத்தகைதாரன் பெயரே கிடையாது. நெல் போவது சட்டம் சொன்ன அளவுக்கு மேலே. கேட்டால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயம். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டமே 1969-ல்தான் வந்தது. பெயர் இல்லாதவனுக்கு உரிமை கொடுத்த சட்டத்தை பதின்மூன்று வருஷம் யார் யாரோ வியாக்கியானம் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது நமக்கு முன்னாலுள்ள விஷயம் ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றின் ஷரத்துகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு சிறு மாற்றத்தைத் தோழர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நமக்குப் படுகிறது. இன்ஸ்பெக்டர் இனி வெறும் இன்ஸ்பெக்டர் அல்ல. 'வசதி செய்து தருபவர்' என்ற பட்டமும் அவருக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. முதலாளிக்கு யோசனை சொல்வதும் அவர் கடமை. எந்த ஆலையைச் சோதிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கவும், விவரங்களை இணைய வழியாகவே வாங்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. முதலாளி அனுப்புகிற விவரம் முதலாளியின் விவரம்தானே? ஹார்னருக்கு ஆலையதிபர்கள் காட்டிய ரிஜிஸ்டர்களும் சுத்தமாகத்தான் இருந்தன.

ஆலை வாசலில் கடிகாரத்தோடு நிற்க ஆள் இல்லாவிட்டால் அந்த 27 நாள் எந்த அறிக்கையிலும் ஏறாது. நாளைக்கு ஒரு பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர் வந்து, இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இராது. கோர்ட்டில் வைக்கவும் இராது. எனவே சங்கக் கிளைகளுக்கு நாம் சொல்லுவது: ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஷிப்டு தொடங்கின நேரம், மெஷின் நின்ற நேரம், சாப்பாட்டு இடைவேளை, கையில் கிடைத்த கூலி, ரசீதில் எழுதின கூலி. வயலிலானால் நின்ற நேரம், அளந்த நெல், அளந்த மரக்கால். நாள் தவறாமல், மிகைப்படுத்தாமல், இரண்டு பேர் கையெழுத்தோடு. அந்த நோட்டைச் சட்டம் தெரிந்த தோழரிடம் மாதம் ஒருமுறை கொண்டுபோய், எந்த ஷரத்து எங்கே மீறப்பட்டது என்று ஓரத்தில் எழுதி வாங்குங்கள்.