கலர் மட்டும்தான் நம்மிடம் கேட்க வேண்டுமா?

நகை எடுக்க, நிலம் பார்க்க, பெண்ணுக்கு வரன் பேச என்று எல்லாவற்றுக்கும் நம்மையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். கார் வாங்கும்போது மட்டும், "என்ன கலர்னு நீ சொல்லு, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வண்டியின் பின் சீட்டில் குழந்தையையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு உட்காரப் போவது யார்? நாம்தானே!

எங்கள் ராஜபாளையத்தில் ஒரு காலத்தில் மில் முதலாளிகள் வீட்டு வாசலில்தான் பெரிய வண்டி நிற்கும். இப்போது பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றவர்களும் இன்னோவா, ஃபார்ச்சூனர் என்று விலை கேட்கிறோம். எங்கள் வீட்டிலும் பெரிய டீசல் வண்டி வாங்குவது என்று முடிவானது. என் நகையில் பாதி இதற்காக பேங்கில் இருப்பதால், ஷோரூமுக்கு நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டேன்.

அங்கே இருந்த பையன் நன்றாகத்தான் பேசினான். "சார், நடு மாடல் எடுங்க. மிச்சப் பணத்துல ஒன்றேகால் லட்சத்துக்கு பேக்கேஜ் போட்டுக்கலாம். வண்டி ராஜா மாதிரி இருக்கும்" என்றான். முன்னால் இரும்பு கார்டு, கறுப்பு ஃபிலிம், லெதர் சீட் கவர், குரோமியப் பட்டி, கலர் விளக்கு, மேட் எல்லாம் அந்தப் பேக்கேஜில் அடக்கம். "தம்பி, நடு மாடல்ல ஏர்பேக் எத்தனை? பின் சீட்டுக்கு உண்டா?" என்று நான் கேட்டேன். கேட்டது நான், அவன் பதில் சொன்னது என் வீட்டுக்காரரைப் பார்த்து! பின்னால் உட்காருபவர்களின் தலையைக் காக்கும் திரை ஏர்பேக் மேல் மாடலில்தான் உண்டாம்.

தோழிகளே, என் கணக்கு இதுதான். மேட், கவர், கேமரா எல்லாம் அடுத்த தீபாவளிக்குக்கூட வாங்கிக்கொள்ளலாம். ஏர்பேக்கை அப்படிப் பின்னால் வாங்கி மாட்ட முடியாது. கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்தால்தான் உண்டு. எனவே காசை முதலில் அதற்குக் கொடுக்க வேண்டும். மேல் மாடலுக்குப் போனால் வரியும் ஏறும் என்பது உண்மைதான். 2023 நவம்பரில் ஏற்றிய பிறகு நம் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். வண்டி இரண்டு லட்சம் கூடினால் வரியில் நாற்பதாயிரம் கூடுகிறது. அதனால்தான் பேக்கேஜை முழுதாக வெட்டச் சொன்னேன்.

வெட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. இரும்பு கார்டு போட்ட வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது வண்டியின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். கார்டு போட்டால் அந்த அடி நேராகச் சட்டத்துக்குப் போகிறது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம். ரோட்டில் நடப்பவர் மேல் பட்டாலோ கேட்கவே வேண்டாம். கறுப்பு ஃபிலிமை 2012லேயே சுப்ரீம் கோர்ட் தடுத்தது. சீட் கவரிலும் விஷயம் இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்துதான் வெளியே வரும். அங்கே கனமான கவரை இறுக்கித் தைத்து மூடிவிட்டால், கொடுத்த காசு உள்ளேயே கிடக்கும்.

ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டை விட்டுவிடக் கூடாது. 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தாரே, எவ்வளவு விலை உயர்ந்த கார்! பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்றுதான் போலீசார் சொன்னார்கள். நம் பக்கம் பின் சீட்டு பெல்ட்டை மடித்துச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு அதன் மேல் பூப்போட்ட விரிப்பு போடுகிறோம். குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது அதைவிட மோசம். ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் குழந்தைக்குத்தான் முதலில் அடி. பின் சீட்டில் குழந்தை சீட் மாட்டும் கொக்கி இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

சன்ரூஃப் பற்றி ஒரு வார்த்தை. விருதுநகர் மாவட்டத்து வெயிலுக்குக் கூரையில் கண்ணாடி எதற்கு? ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது ஓடுகிற காரில் பிள்ளைகள் அதில் தலையை நீட்டி நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் டீசல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் வாங்கலாம். எங்களுக்குச் சரக்கு விஷயமாக வாரம் இரண்டு முறை மதுரை இருக்கிறது, அதனால் டீசலுக்குச் சரி என்றேன். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, ஷோரூமுக்கு மாமியாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி. புடவையோடு அவ்வளவு உயரம் ஏற முடியவில்லை. அந்தப் பையன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். "தினம் ஸ்டூலைத் தூக்கிட்டு யாரு வருவா?" என்று அத்தை கேட்டார்கள். பக்கப் படியும், ஏறும்போது பிடிக்க உள்ளே கைப்பிடியும் வேண்டும் என்று உடனே எழுதச் சொன்னேன். அலங்காரக் கடைப் படி சொரசொரப்பில்லாமல் மழையில் வழுக்கும் என்பதால் கம்பெனிப் படிதான். மூன்றாவது வரிசையையும் அத்தை எட்டிப் பார்த்தார்கள். "அது பால்கோவா டப்பா வைக்கத்தாம்மா லாயக்கு" என்றார்கள்.

— ஒரு வாசகி, ராஜபாளையம்.